ஆக்குலஸ் ரிஃப்ட் தலையணியும் முதல் வாங்குநர்களின் ஏமாற்றமும்

ஆக்குலஸ் ரிஃப்ட் என்பது கணினியுடன் இணைத்துத் தலையில் அணிந்துகொள்ளும் ஒரு மெய்நிகர் உண்மைக் கருவி (விஆர் ஹெட்செட்) ஆகும். அமெரிக்காவின் ஆக்குலஸ் நிறுவனம் இதன் முதல் நுகர்வோர் பதிப்பை 2016 மார்ச் 28 அன்று 599 டாலர் விலையில் வெளியிட்டது. மெய்நிகர் உண்மையை ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த கருவிகளில் இது முக்கியமானது. அதேவேளையில், ஒரு புதிய தொழில்நுட்பத்தின் முதல் தலைமுறைப் பொருளை அதிக விலை கொடுத்து வாங்குவோர் எவ்வகையான ஏமாற்றங்களைச் சந்திக்கிறார்கள் என்பதற்கும் இது நல்ல எடுத்துக்காட்டாக அமைந்தது. விலை, காத்திருப்பு, கூடுதல் செலவு, உடல் அசௌகரியம், மென்பொருள் பற்றாக்குறை, விரைவான விலைக்குறைப்பு, நிறுவனத்தைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை என அந்த ஏமாற்றம் பல வடிவங்களில் வெளிப்பட்டது.

பின்னணி

மெய்நிகர் உண்மைக் கருவிகள் 2016-க்கு முன்பே விற்பனைக்கு வந்து தோற்றுள்ளன. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1995-இல் வெளியிட்ட வர்ச்சுவல் பாய், சிவப்பு நிறத்தில் மட்டுமே படம் காட்டியது. தலைவலியும் கண்வலியும் ஏற்படுவதாகப் பலர் குறை கூறினர். ஓராண்டுக்குள் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இத்துறை பெரிதும் ஆய்வகங்களிலும் இராணுவப் பயிற்சியிலும் மட்டுமே இருந்தது.

திறன்பேசிகளின் வளர்ச்சி நிலைமையை மாற்றியது. சிறிய அளவிலும் குறைந்த விலையிலும் தெளிவான திரைகளும் அசைவு உணரிகளும் கிடைக்கத் தொடங்கின. இவற்றைக் கொண்டு பால்மர் லக்கி என்ற இளைஞர் ஒரு மாதிரிக் கருவியை உருவாக்கினார். 2012 ஆகஸ்டில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இரண்டரை இலட்சம் டாலர் திரட்ட ஆக்குலஸ் முயன்றது. 9,500-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து சுமார் 24 இலட்சம் டாலர் வழங்கினர். 2013-இல் முதல் உருவாக்குநர் பதிப்பும், 2014-இல் 350 டாலர் விலையில் இரண்டாம் உருவாக்குநர் பதிப்பும் வெளிவந்தன.

2014 மார்ச்சில் ஆக்குலஸ் நிறுவனத்தைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. கிக்ஸ்டார்ட்டரில் பணம் கொடுத்தவர்கள் பங்குதாரர்கள் அல்லர் என்பதால் இந்த விற்பனையில் அவர்களுக்குப் பங்கு ஏதும் கிடைக்கவில்லை. சிறு நிறுவனம் ஒன்றை வளர்த்துவிடும் எண்ணத்தில் பணம் கொடுத்த பலருக்கு இதுவே முதல் மனக்கசப்பாக இருந்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டை உருவாக்கிய மார்க்கஸ் பெர்சன், ரிஃப்ட்டுக்கான பதிப்பைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டதாக வெளிப்படையாக அறிவித்தார். பின்னர் 2016-இல், முதல் உருவாக்குநர் பதிப்புக்குப் பணம் கொடுத்த கிக்ஸ்டார்ட்டர் ஆதரவாளர்களுக்கு நுகர்வோர் பதிப்பை இலவசமாக அனுப்புவதாக ஆக்குலஸ் அறிவித்தது.

விலை அறிவிப்பு

2015-இல் ரிஃப்ட்டின் விலை ஏறத்தாழ 350 டாலர் என்ற எல்லையில் இருக்கும், ஆனால் அதைவிடச் சற்றுக் கூடும் என்ற பொருளில் லக்கி பேசியிருந்தார். கேட்டவர்கள் மனத்தில் 350 என்ற எண் மட்டுமே நின்றது. 2016 சனவரி 6 அன்று முன்பதிவு தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட விலை 599 டாலர். அன்றைய மதிப்பில் இது ஏறக்குறைய 40,000 ரூபாய். அஞ்சல் செலவும் வரியும் இதில் சேரா.

விலையைப் பற்றித் தான் பேசிய விதம் சரியில்லை என்பதை லக்கி பின்னர் ஒப்புக்கொண்டார். கருவியின் தரத்தைப் பார்த்தால் இவ்விலை மலிவே என்றும், உறுப்புகளின் விலையே உயர்வாக இருப்பதாகவும் நிறுவனத் தரப்பில் விளக்கப்பட்டது. ஆனால் வாங்குநர்களின் கோபம் தொகையின் அளவைப் பற்றியது மட்டுமன்று. எதிர்பார்ப்புக்கும் அறிவிப்புக்கும் இடையிலான வேறுபாடே அவர்களைக் கோபப்படுத்தியது. ஒரு பொருளின் விலை 600 என்று முதலிலேயே சொல்லப்பட்டிருந்தால் எழாத ஏமாற்றம், 350 என்று நினைத்திருந்தவரிடம் 600 கேட்கும்போது எழுகிறது.

நீண்ட காத்திருப்பு

முன்பதிவு செய்த பலருக்குக் கருவி உரிய நாளில் வந்துசேரவில்லை. உறுப்புப் பற்றாக்குறை ஏற்பட்டதாக ஆக்குலஸ் அறிவித்தது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் எதிர்பார்த்தவர்களின் அனுப்பும் தேதிகள் மே, சூன் எனத் தள்ளிப்போயின. ஈடாக முன்பதிவுகளுக்கான அஞ்சல் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது.

இந்நிலையில் 2016 மே மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகளில் ரிஃப்ட் குறைந்த எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்தது. சனவரியில் பதிவு செய்தவர் வீட்டில் காத்திருக்க, மே மாதத்தில் கடைக்குள் நுழைந்த ஒருவர் அதே கருவியை வாங்கிச் செல்ல முடிந்தது. முன்பதிவு செய்தவர்களும் கடையில் வாங்கிக்கொள்ளலாம், முன்பதிவுச் சலுகைகளை இழக்கமாட்டார்கள் என்று ஆக்குலஸ் கூறியது. ஆனால் அருகில் அத்தகைய கடை இல்லாதவர்களுக்கும் வெளிநாடுகளில் இருந்தவர்களுக்கும் இந்த ஏற்பாட்டால் பயனில்லை.

கருவிக்கு வெளியே உள்ள செலவு

ரிஃப்ட் தனியாக இயங்காது. அதற்கு ஆற்றல் மிக்க கணினி தேவை. தொடக்கத்தில் பரிந்துரைக்கப்பட்ட அமைப்பில் என்விடியா ஜிடிஎக்ஸ் 970 அல்லது ஏஎம்டி ஆர்9 290 வரைகலை அட்டை, இன்டெல் ஐ5-4590 செயலி, 8 ஜிபி நினைவகம் ஆகியன இடம்பெற்றன. கணினியும் தலையணியும் சேர்ந்த தொகுப்புகள் 1,499 டாலரில் தொடங்கின.

இவ்வளவு ஆற்றல் ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ரிஃப்ட்டின் இரு திரைகளும் சேர்ந்து 2160 × 1200 படப்புள்ளிகள் கொண்டவை. படம் நொடிக்கு 90 முறை மாறவேண்டும். எனவே நொடிக்குச் சுமார் 23 கோடி படப்புள்ளிகளைக் கணினி வரையவேண்டும். 1920 × 1080 அளவுள்ள சாதாரணத் திரையில் நொடிக்கு 60 முறை வரைய 12 கோடி படப்புள்ளிகளே போதும். சாதாரணத் திரையில் கணினி சற்றுத் தாமதித்தால் விளையாட்டு தடுமாறும், அவ்வளவே. தலையணியில் தாமதித்தால் அணிந்திருப்பவருக்குத் தலை சுற்றும். ஆகவே கணினியின் ஆற்றலில் விட்டுக்கொடுக்க இயலவில்லை. 2016 அக்டோபரில் ஆக்குலஸ் அறிவித்த ஒரு மென்பொருள் உத்தி இடைப்பட்ட படங்களைக் கணித்து உருவாக்கியது. இதனால் குறைந்தபட்சத் தேவை தளர்த்தப்பட்டது. ஆனால் முதல் வாங்குநர்கள் அதற்குள் விலை உயர்ந்த கணினிகளை வாங்கிவிட்டிருந்தனர்.

பயன்பாட்டில் தெரிந்த குறைகள்

கருவியை அணிந்த முதல் சில நிமிடங்கள் பெரும்பாலோருக்கு வியப்பைத் தந்தன. அந்த வியப்பு அடங்கியபின் சில குறைகள் கண்ணில் பட்டன.

வலைத்தோற்றம்: படப்புள்ளிகளுக்கு இடையிலுள்ள கருமையான இடைவெளிகள், கொசுவலை வழியாகப் பார்ப்பது போன்ற தோற்றத்தைத் தந்தன. இயல்பான பார்வையுடைய மனிதக் கண் ஒரு பாகைக்குச் சுமார் 60 படப்புள்ளிகள் வரை பிரித்தறியும். ரிஃப்ட்டில் ஒரு கண்ணுக்குரிய 1080 படப்புள்ளிகள் ஏறத்தாழ 90 பாகை அகலத்தில் பரப்பப்படும்போது ஒரு பாகைக்கு 12 மட்டுமே கிடைக்கும். தொலைவிலுள்ள பொருள்களும் சிறிய எழுத்துகளும் மங்கலாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம்.

ஒளிக்கீற்றுகள்: எடையைக் குறைப்பதற்காக வளையவளையமாக வெட்டப்பட்ட ஃபிரெனெல் வகை வில்லைகள் பயன்படுத்தப்பட்டன. இருண்ட பின்னணியில் வெண்மையான எழுத்து தோன்றினால், வில்லையின் விளிம்புகளில் ஒளி சிதறிக் கீற்றுகளாகத் தெரிந்தது.

குமட்டல்: கண் முன்னே வண்டி ஓடுகிறது, ஆனால் உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு உடல் அசையவில்லை என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. இம்முரண்பாட்டால் சிலருக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் ஏற்படுகின்றன. மலைப்பாதையில் பேருந்தில் செல்லும்போது சிலருக்கு வாந்தி வருவதற்கும் இதே வகையான முரண்பாடே காரணம். இது எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. தனக்கு வருமா, வராதா என்பது வாங்கி அணிந்துபார்த்த பிறகே பலருக்குத் தெரிந்தது.

கண் சோர்வு: இயல்பு உலகில் அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன, கண்வில்லையும் அத்தொலைவுக்கேற்பக் குவிகிறது. தலையணியில் பொருள் அருகே இருப்பதாகத் தோன்றினாலும், ஒளி ஒரே நிலையான தொலைவிலிருந்து வருவதுபோல் குவியவேண்டியுள்ளது. சேர்ந்தே இயங்கிப் பழகிய இரு செயல்களும் பிரிவதால் நீண்ட நேரப் பயன்பாட்டில் கண் சோர்கிறது.

மூக்குக்கண்ணாடி: கண்ணாடி அணிபவர்களில் பலருக்கு ரிஃப்ட்டின் உட்புற அகலம் போதவில்லை. சட்டம் பெரிதாக இருந்தால் அணிவதும் கழற்றுவதும் சிரமமாயின.

கைக்கருவி இல்லாமை

ரிஃப்ட் வெளிவந்த எட்டாம் நாள், 2016 ஏப்ரல் 5 அன்று, ஹெச்டிசி நிறுவனமும் வால்வ் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய வைவ் வெளிவந்தது. அதன் விலை 799 டாலர். அதில் இரு கைகளுக்குமான கட்டுப்பாட்டுக் கருவிகளும், அறைக்குள் நடந்து செல்வதைக் கண்டறியும் உணரிகளும் உடன் இருந்தன. ரிஃப்ட்டுடன் தரப்பட்டதோ சாதாரண எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கட்டுப்படுத்தி. மெய்நிகர் உலகில் பொருளைக் கையால் எடுக்கவும் எறியவும் வேண்டுமென்று எதிர்பார்த்தவர்கள், பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஆக்குலஸ் டச் என்ற கைக்கருவிகள் 2016 திசம்பர் 6 அன்றுதான் 199 டாலர் விலையில் வந்தன. ஆகவே முதலில் மலிவாகத் தோன்றிய ரிஃப்ட்டுக்கும் மொத்தம் 798 டாலர் செலவாயிற்று. வைவின் விலைக்கும் இதற்கும் இருந்த வேறுபாடு ஒரு டாலர் மட்டுமே.

விலைக்குறைப்பு

முதல் வாங்குநர்களை மிகவும் வருத்தியது அடுத்து நடந்த விலைக்குறைப்பாகும். தலையணியும் கைக்கருவிகளும் சேர்ந்த விலை மாறிய விதம்:

2016 திசம்பர்: 798 டாலர்
2017 மார்ச்: 598 டாலர்
2017 சூலை (கோடைகாலச் சலுகை): 399 டாலர்

ஏழே மாதங்களில் விலை பாதியானது. 2017 அக்டோபரில் 399 டாலர் என்பதே நிலையான விலையாக அறிவிக்கப்பட்டது. வைவின் விலையும் 2017 ஆகஸ்டில் 599 டாலராகக் குறைந்தது. மின்னணுப் பொருள்களின் விலை காலப்போக்கில் குறைவது இயல்பே. எனினும், பொறுமையாகக் காத்திருந்தவர் பாதி விலையில், கூடுதல் விளையாட்டுகளுடனும் சீர்செய்யப்பட்ட மென்பொருளுடனும் அதே கருவியைப் பெற்றார். முன்னதாக வாங்கியவருக்கு மிஞ்சியது முதலில் பார்த்த அனுபவம் மட்டுமே.

நிறுவனத்தைச் சார்ந்திருத்தல்

பணம் கொடுத்து வாங்கிய கருவி உண்மையில் யாருடையது என்ற கேள்வியை மூன்று நிகழ்வுகள் எழுப்பின.

முதலாவது, 2016 மே மாதத்தில் வந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பு. ஆக்குலஸ் கடையில் வாங்கிய விளையாட்டுகளை வைவ் தலையணியில் இயக்க உதவிய ரிவைவ் என்ற தன்னார்வ மென்பொருளை அது தடுத்தது. எதிர்ப்புக்குப் பின் சூன் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது.

இரண்டாவது, 2018 மார்ச் 7 அன்று உலகெங்கும் ரிஃப்ட் தலையணிகள் ஒரே நேரத்தில் இயங்க மறுத்தன. மென்பொருளின் நம்பகத்தன்மையை உறுதிசெய்யும் எண்ணிமச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பிக்க நிறுவனம் தவறியதே காரணம். கருவியில் எந்தப் பழுதும் இல்லாதபோதும் யாராலும் அதைப் பயன்படுத்த முடியவில்லை. ஏறத்தாழ ஒரு நாளில் தீர்வு வெளியிடப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆக்குலஸ் கடையில் செலவிட 15 டாலர் வரவு வைக்கப்பட்டது.

மூன்றாவது, 2020 அக்டோபர் முதல் புதிய பயனர்கள் ஃபேஸ்புக் கணக்கு வழியாகவே உள்நுழைய வேண்டும் என்ற விதி. ஃபேஸ்புக் கணக்கு கட்டாயமாகாது என்று 2014-இல் லக்கி உறுதியளித்திருந்தார். அவர் 2017 மார்ச்சிலேயே நிறுவனத்தைவிட்டு விலகியிருந்தார். 2022-இல் மெட்டா கணக்குகள் அறிமுகமான பிறகு ஃபேஸ்புக் கணக்கு என்ற கட்டாயம் கைவிடப்பட்டது.

இந்திய வாங்குநர்களின் நிலை

ரிஃப்ட் முதலில் விற்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை. வெளிநாட்டிலுள்ள உறவினர் வழியாகவோ இறக்குமதியாளர் வழியாகவோதான் அதைப் பெற இயன்றது. இவ்வாறு பெற்ற கருவி பழுதுபட்டால் உத்தரவாதச் சேவை இங்கே கிடைப்பதில்லை. ஹெச்டிசி வைவ் 2017-இல் இந்தியாவில் 92,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அதற்கேற்ற கணினியையும் சேர்த்தால் செலவு மேலும் ஏறும். அறையில் நடந்து விளையாடுவதற்குக் குறைந்தது 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் அளவில் தடையில்லாத இடமும் தேவை. கட்டிலும் பீரோவும் அடைத்துக்கொண்ட நடுத்தரக் குடும்பத்து அறைகளில் அந்த இடத்தை ஒதுக்குவதே கடினம்.

ஆகவே இந்தியாவில் பெரும்பாலோர் மெய்நிகர் உண்மையை முதலில் அறிந்தது, திறன்பேசியைச் செருகிப் பார்க்கும் கூகுள் கார்ட்போர்டு போன்ற அட்டைப்பெட்டிக் கருவிகளிலும், வணிக வளாக விளையாட்டுக் கூடங்களிலும்தான். பொழுதுபோக்குக்கு அப்பால் பயிற்சி, மருத்துவம், தொழிற்சாலைப் பயன்பாடு ஆகியவற்றுக்கு இத்தொழில்நுட்பத்தைக் கொண்டுசெல்லும் ஆய்வுகள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட இடங்களில் நடைபெறுகின்றன. இத்தகைய பயன்பாட்டில் ஒரே கருவியைப் பல மாணவர்கள் பகிர்ந்துகொள்வதால் அதன் உயர்ந்த விலையும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது.

மீண்டும் அதே அனுபவம்: ஆப்பிள் விஷன் புரோ

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 பிப்ரவரி 2 அன்று ஆப்பிள் நிறுவனம் விஷன் புரோ என்ற தலையணியை அமெரிக்காவில் 3,499 டாலருக்கு வெளியிட்டது. ரிஃப்ட்டின் தொழில்நுட்பக் குறைகளில் பல இதில் நீங்கியிருந்தன. இரு திரைகளிலும் சேர்த்து 2.3 கோடி படப்புள்ளிகள் இருந்தன. வலைத்தோற்றம் கிட்டத்தட்ட மறைந்தது. தனிக் கணினியும் தேவைப்படவில்லை.

ஆயினும் ஏமாற்றம் வேறு வடிவில் வந்தது. 600 கிராமுக்கு மேற்பட்ட எடை முகத்தை அழுத்தியது. தனியே சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் மின்கலம் சுமார் இரண்டு மணி நேரமே நீடித்தது. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், ஸ்பாட்டிஃபை ஆகியவை வெளியீட்டின்போது அதற்கெனத் தனிச் செயலிகளை வழங்கவில்லை. ஆப்பிளின் 14 நாள் திருப்பியளிக்கும் காலம் முடிவதற்குள், தலைவலி, கண் சோர்வு, அன்றாடப் பயன் இன்மை ஆகிய காரணங்களைக் கூறிச் சிலர் கருவியைத் திருப்பிக் கொடுத்தனர். தொழில்நுட்பம் பெரிதும் முன்னேறிய பின்னும், இதை அணிந்துகொண்டு தினமும் என்ன செய்வது என்ற கேள்விக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

காரணங்கள்

முதல் தலைமுறைப் பொருள்களில் இந்த ஏமாற்றம் திரும்பத் திரும்ப வருவதற்குப் பொதுவான காரணங்கள் உண்டு. குறைந்த எண்ணிக்கையில் உற்பத்தியாவதால் உறுப்புகளின் விலை உயர்வாக இருக்கும். பயனர்கள் குறைவாக இருப்பதால் மென்பொருள் நிறுவனங்கள் செயலிகளை உருவாக்கத் தயங்கும். செயலிகள் இல்லாததால் புதிய பயனர்கள் வரமாட்டார்கள். இந்தச் சுழலை உடைக்க யாராவது முதலில் வாங்கவேண்டும்.

எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் வெளியிட்ட புத்தாக்கப் பரவல் கோட்பாட்டில், ஒரு புதுமையை முதலில் ஏற்பவர்கள் சமூகத்தில் 2.5 விழுக்காட்டினர் என்றும், அவர்களை அடுத்து வருபவர்கள் 13.5 விழுக்காட்டினர் என்றும் வகைப்படுத்தினார். இந்தச் சிறு தொகுதியினர் கொடுக்கும் பணமும் சொல்லும் குறைகளுமே அடுத்த தலைமுறைப் பொருளைச் செப்பனிடுகின்றன. ரிஃப்ட் வாங்கியவர்கள் சுட்டிக்காட்டிய கம்பித் தொல்லை, கணினிச் செலவு, வெளி உணரிகள் ஆகிய மூன்றும் 2019-இல் வெளிவந்த குவெஸ்ட் தலையணியில் நீங்கின. 2020-இல் குவெஸ்ட் 2 299 டாலருக்கு விற்கப்பட்டது. முதல் வாங்குநர்களின் இழப்பு வீணாகவில்லை. ஆனால் அதன் பயன் பெரும்பாலும் பிறரையே சென்றடைந்தது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஒரு பொருள் எதிர்பார்ப்பை நிறைவு செய்யாததும், அது குறைபாடுடையதாக இருப்பதும் சட்டப்படி வெவ்வேறானவை. பார்த்த காட்சி வியப்பூட்டவில்லை என்பது குறைபாடு ஆகாது. விளம்பரத்தில் கூறிய வசதி இல்லாமலிருப்பதும், கருவி இயங்காமலிருப்பதும் புகாருக்கு உரியவை. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இணையவழி வாங்குதல்களுக்கும் பொருந்தும். குறைபாடுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என அச்சட்டம் கூறுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஆகும். 5 இலட்சம் ரூபாய் வரையிலான பொருள்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.

விலை உயர்ந்த முதல் தலைமுறைக் கருவியை வாங்க நினைப்பவர் பின்வருவனவற்றை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது நல்லது:

ஒருமுறையாவது, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அணிந்து பார்த்தல்; கண்ணாடி அணிபவர் கண்ணாடியுடனேயே பார்த்தல்
கணினி, கைக்கருவி, மென்பொருள் ஆகியவற்றையும் சேர்த்து மொத்தச் செலவைக் கணக்கிடுதல்
இந்தியாவில் உத்தரவாதச் சேவை உண்டா என்பதையும், திருப்பியளிக்கும் காலத்தையும் அறிதல்
இணைய இணைப்போ நிறுவனக் கணக்கோ இல்லாமல் கருவி இயங்குமா எனப் பார்த்தல்
வரப்போவதாக அறிவிக்கப்பட்ட வசதிகளை விடுத்து, இன்று கிடைக்கும் வசதிகளுக்கு மட்டுமே விலை மதிப்பிடுதல்

ரிஃப்ட்டை முதலில் வாங்கியவர்கள் அனைவரும் ஏமாந்ததாகக் கருதவில்லை. மென்பொருள் உருவாக்குநர்களும் ஆய்வாளர்களும் அதைக்கொண்டு ஒரு புதிய துறையில் காலூன்றினர். ஆயத்தப் பொருள் ஒன்றை எதிர்பார்த்து வாங்கியவர்களே அதிகம் ஏமாந்தனர். அவர்கள் கையில் கிடைத்தது இன்னும் முடிவடையாத ஒரு பரிசோதனை. அதன் செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டவர்களாகவே முதல் வாங்குநர்கள் தொழில்நுட்ப வரலாற்றில் இடம்பெறுகின்றனர்.